வீட்டினுள் வளர்க்கும் ஓர்க்கிட்செடிகளின் நலக்குறைவும் பரிகாரமும்

(களுதாவளைப் பகுதிக் கமக்காரருக்கும் இல்லத்தாருக்கும் உரியது)

முன்னுரை

மட்டக்களப்பு மாவட்டத்திலே கடலுக்கும் வாவிக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணற்றரையில் அமைந்த ஊர் களுதாவளை. கிணற்று நீரை இறைத்து, இம்மணலிலே வெற்றிலையும் மிளகாயும் வெங்காயமும் கத்தரியும் விளைவிப்பதில் இவ்வூர்க் கமக்காரர் கைதேர்ந்தவர். இத்தகைய திறமையுடையோர் வீட்டு விறாந்தையிற்கூட, பூவுடன் வாங்கி வந்த ஓர்க்கிட்செடி சில மாதங்களிற் பட்டுப்போவதுண்டு. செடிக்கு ஏதோ நோய் கண்டதென்று எண்ணி மருந்து தெளிப்பர், பசளையிடுவர், மேலும் நீர் ஊற்றுவர். செடி இன்னும் விரைவாகவே மடியும்.

உண்மை யாதெனில், வீட்டில் மடியும் ஓர்க்கிட்செடிகளுட் பெரும்பாலானவை நோயால் மடிவதில்லை. பராமரிப்பின் பிழையால் மடிகின்றன. மண்ணில் வேரூன்றும் பயிருக்கு நன்மை பயக்கும் வழக்கங்கள் பல, மரத்தில் ஒட்டி வாழும் இச்செடிக்குத் தீமையாகின்றன. நல்ல தோட்டக்காரரே இதில் முதலிற் பிழை செய்வதற்குக் காரணம் இதுவே.

ஓர் ஓர்க்கிட்செடி பூக்கும் பருவத்தை அடைய, விதையிலிருந்து ஏறக்குறைய 3 முதல் 5 ஆண்டுகள் செல்லும். அதன் விதை தூசியினும் நுண்ணியது. முளைக்கு வேண்டிய உணவுச் சேமிப்பு அதில் இல்லை. காட்டிலே ஒருவகைப் பங்கசின் துணையுடனேயே அது முளைக்கும். 1922 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் லூயிஸ் நட்சன் என்பார், பங்கசின் துணையின்றி வெல்லங் கலந்த ஊடகத்தில் இவ்விதைகளை முளைக்கச்செய்யும் வழியைக் கண்டார். 1960 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் ஜோர்ஜ் மொரெல் என்பார், குருத்து நுனியிலிருந்து செடிகளைப் பெருக்கும் முறையை ஓர்க்கிட்டிற் கையாண்டார். இன்று கடைகளிற் கிடைக்கும் செடிகள் பெரும்பாலும் இவ்வாறு கண்ணாடிக் குடுவையிற் பிறந்தவையே. ஆண்டுகள் பலவாக வளர்த்தெடுக்கப்பட்ட செடி ஒரு மாரியில் அழிவது வாங்கியவருக்கு வீண் செலவாகும். பூ விற்றுச் சிறு வருமானம் பெற எண்ணித் தொடங்கும் இல்லத்தரசிக்கு முதலிழப்புமாகும்.

செடியின் இயல்பு

வீடுகளில் வளர்க்கத்தக்க வகைகள் மூன்று. டென்ட்ரோபியம் கணுக்களையுடைய தடித்த தண்டுகளை அடியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக விடும். அத்தண்டுகளே அதன் நீர்ச் சேமிப்பு. வண்டா ஒரே தண்டாக மேனோக்கி வளர்ந்து, தடித்த வேர்களைக் காற்றிலே தொங்கவிடும். பெலனொப்சிஸ் அகன்ற சதைப்பற்றான சில இலைகளையும், வண்ணத்துப்பூச்சி போன்ற பூக்களையும் உடையது. முதலிரண்டும் களுதாவளையின் வெப்பத்தை நன்கு தாங்கும். மூன்றாவது நிழலை விரும்புவது.

இம்மூன்றும் இயற்கையில் மரக்கிளைகளில் ஒட்டி வாழ்பவை. இவை ஒட்டுண்ணிகள் அல்ல. மரத்திலிருந்து உணவை உறிஞ்சுவதில்லை. மழை பெய்யும்போது நனைந்து, அடுத்த சில மணி நேரத்திற் காற்றினால் உலர்வதே இவற்றின் வேருக்குப் பழக்கம். வேரின் மேற்புறத்தே கடற்பஞ்சு போன்ற ஒரு வெண்ணிற உறை உண்டு. அது நீரை விரைவாக உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். உலர்ந்த வேர் வெள்ளி நிறமாகவும் நனைந்த வேர் பச்சையாகவும் தோன்றுவது இவ்வுறையினாலேயே. எப்போதும் ஈரத்தில் அமிழ்ந்திருந்தால் வேருக்குக் காற்று கிட்டாது. வேர் மூச்சடைத்து அழுகும்.

ஆதலின், இச்செடியைத் தோட்ட மண்ணிலோ, மண்ணுடன் சாணவெருக் கலந்த கலவையிலோ நடலாகாது. சிரட்டைக்கரித் துண்டுகளும், ஓட்டுத் துண்டுகளும், சிறு கட்டிகளாக வெட்டிய பொச்சுமட்டையும் ஏற்றவை. பொச்சுமட்டையை நல்ல நீரில் ஒரு வாரம் ஊறவைத்து, நீரை நாள்தோறும் மாற்றி, அதிலுள்ள உப்பையும் கறையையும் போக்கிய பின்னரே பயன்படுத்தல் வேண்டும். சாடியின் அடியில் மாத்திரமன்றிப் பக்கங்களிலும் துளைகள் இருத்தல் நன்று.

முதலில் வேரைப் பார்த்தல்

இலை சுருங்கி வாடியதும் "நீர் போதவில்லை" என்று முடிவு செய்வதே தொடங்குவோர் செய்யும் பெரும்பிழை. நீர் குறைந்தாலும் இலை சுருங்கும். நீர் மிகுந்து வேர் அழுகினாலும், உறிஞ்சுவதற்கு வேரின்மையால் இலை சுருங்கும். அறிகுறி ஒன்று, பரிகாரங்களோ எதிரெதிரானவை. இலையைப் பார்த்து இவ்விரண்டையும் பிரித்தறிதல் இயலாது. வேரைப் பார்த்தே அறிதல் வேண்டும்.

மிளகாய்த் தோட்டஞ் செய்யும் ஒருவர் தம் வீட்டில் ஒரு பெலனொப்சிஸ் செடியை வைத்திருக்கிறார் எனக் கொள்வோம். இலை துவண்டதைக் கண்டு காலையும் மாலையும் நீர் ஊற்றுகிறார். இரண்டு கிழமையில் இலை மஞ்சளாகி விழுகிறது. செடியைச் சாடியிலிருந்து மெல்லக் கழற்றிப் பார்த்திருப்பின், விரலால் அழுத்தியதும் உறை கழன்று, உள்ளே நூல் போன்ற நரம்பு மாத்திரம் எஞ்சும் பழுப்புநிற வேர்களை முதல் நாளிலேயே கண்டிருப்பார்.

திரண்டு உறுதியாக, நுனி பச்சையாகவோ செந்நிறமாகவோ உள்ள வேர் நலமானது. உலர்ந்து சுருங்கியிருந்தாலும் உறுதியாகவுள்ள வேர், நீர் குறைந்ததைக் காட்டும். பழுப்பாகி, மெத்தென்று, உள்ளீடற்றுப் போன வேர், நீர் மிகுந்ததைக் காட்டும். நுனி மாத்திரம் கருகிய வேர், உப்பையோ மிகுந்த பசளையையோ காட்டும்.

நீர்

எத்தனை நாளுக்கு ஒரு முறை நீரிடுவது என்பதற்குப் பொதுவிதி ஒன்றில்லை. சாடியைக் கையில் தூக்கி அதன் பாரத்தை அறிந்து பழகுதலே சிறந்த முறை. நனைந்த சாடி பாரமாயிருக்கும்; உலர்ந்தது இலேசாயிருக்கும். பெலனொப்சிஸ் சாடி ஏறத்தாழ உலர்ந்ததும் நீரிடுதல் வேண்டும். டென்ட்ரோபியத்துக்குக் கச்சான் காற்று வீசும் மாதங்களில் நாள்தோறுமோ ஒருநாள் விட்டு ஒருநாளோ நீர் தேவைப்படலாம். கூடையில் தொங்கும் வண்டாவுக்கு நாளுக்கு ஒருமுறையும், கடும் வறட்சியில் இருமுறையும் நீர் தெளித்தல் நன்று. வாடைக்காற்றுடன் மாரிமழை பெய்யும் மாதங்களிலோ காற்றில் ஈரம் மிகுந்திருத்தலால் இவ்வளவைப் பெரிதுங் குறைத்தல் வேண்டும்.

நீரைக் காலையிலேயே ஊற்றுக. இரவுக்கு முன் இலைகளும் குருத்தும் உலர்ந்துவிடல் வேண்டும். பெலனொப்சிஸின் நடுக்குருத்தில் நீர் தேங்கினால் அதனைச் சீலைத்துண்டால் ஒற்றி எடுத்தல் அவசியம். ஊற்றும் நீர் சாடியின் அடியால் வடிந்தோடும்படி நன்றாக ஊற்றுதல் வேண்டும். சிறிது சிறிதாகத் தெளிப்பதனால் உப்பு உள்ளே தங்கும்.

இப்பகுதியில் நீரின் தன்மையும் கவனிக்கத்தக்கது. கடலுக்கும் வாவிக்கும் நடுவேயுள்ள மணலில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு படையாகவே உள்ளது. வறட்சி நீளும்போதும் இறைப்பு மிகும்போதும் கிணற்றில் உவர் ஏறும். நாவினால் உணரத்தக்க உவர்ப்புள்ள நீர் ஓர்க்கிட்டுக்கு உதவாது. நாவுக்குத் தெரியாத அளவும் காலப்போக்கில் வேர் நுனியைக் கருக்கும். சாடியின் வெளிப்புறத்தும் கரித்துண்டுகளிலும் வெண்பொருக்குப் படிவது இதற்கு அடையாளம். மாரியிற் கூரைநீரைச் சேமித்து இச்செடிகளுக்கென ஒதுக்குதல் மிக நன்று. அந்நீர்த்தொட்டியை நுளம்பு புகாவண்ணம் மூடிவைத்தல் வேண்டும். சாடியின் கீழுள்ள தட்டில் நீர் தேங்கவிடுதல் வேரையும் அழுக்கும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்பையும் வளர்க்கும்.

ஒளியும் காற்றும்

தாழ்ந்த இறப்பையுடைய வீடுகளின் உட்புறம் மனிதர் கண்ணுக்கு வெளிச்சமாகத் தோன்றினும் செடிக்கு இருட்டாகும். இலை கரும்பச்சையாகி, நீண்டு தளர்ந்து, பூவாதிருப்பின் ஒளி போதவில்லை என்க. இளம்பச்சை நிறமே நலத்தின் நிறம். இலை மஞ்சளித்து, உலர்ந்த வெண்திட்டோ கருந்திட்டோ வெயில் படும் பக்கத்தில் மாத்திரம் தோன்றின் அது வெயிற்சூடு, நோயன்று. அத்திட்டுப் பரவாது, இலையை வெட்டவும் வேண்டியதில்லை.

வெற்றிலைத் தோட்டத்தின் நிழலை அறிந்தவருக்கு இதனை விளக்குதல் எளிது. டென்ட்ரோபியத்துக்கு வெயிலிற் பாதி விழும் நிழலும், பெலனொப்சிஸுக்கு வெயிலில் நான்கிலொரு பங்கு விழும் நிழலும் ஏற்றவை. கிழக்கு நோக்கிய யன்னலோ விறாந்தையோ சிறந்த இடம். மேற்குவெயில் படும் இடத்தில் கிடுகு அல்லது நிழல்வலை கட்டுதல் வேண்டும். நிழலிலிருந்த செடியை ஒரே நாளில் வெயிலுக்கு மாற்றலாகாது. இரண்டு மூன்று கிழமைகளிற் சிறிது சிறிதாகப் பழக்குதல் வேண்டும்.

அடைத்த அறையிற் காற்று நின்றுவிடுவதால் இலையில் ஈரம் உலராது. அழுகல் நோய்கள் பரவும். காற்றோட்டம் வேண்டும், ஆயின் மே மாதத்துக்குப் பின் வீசும் வறண்ட கச்சான் நேரே தாக்கும் இடத்தில் மொட்டுகள் காய்ந்து உதிரும். கடற்பக்கத்து உப்புக் காற்றுப் படும் செடிகளின் இலைகளை வாரமொருமுறை நன்னீராற் கழுவிவிடுக.

பசளை

நெல்லுக்கும் மிளகாய்க்கும் இடும் பசளையைக் கைப்பிடியளவாகச் சாடியில் இடுதல் செடியைக் கொல்வதற்கு ஒப்பாகும். யூரியாவிலுள்ள நைதரசனிற் பெரும்பகுதி மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் மாற்றப்பட்ட பின்னரே வேருக்குப் பயன்படும். கரித்துண்டுகளில் அவ்வுயிர்கள் அரிது. மிகுந்த உப்புச்செறிவோ வேர் நுனியைச் சுட்டுவிடும்.

நீரிற் கரையும் நிறைபசளையை 1 லீற்றர் நீருக்கு 1 கிராம் வீதங் கரைத்து, வாரமொருமுறை, ஏற்கெனவே நனைந்த வேருக்கே ஊற்றுதல் வேண்டும். உலர்ந்த வேருக்குப் பசளை நீர் ஊற்றலாகாது. மாதமொருமுறை வெறும் நன்னீரைச் சாடியின் கொள்ளளவுக்கு இருமடங்கு ஊற்றி, தங்கிய உப்பைக் கழுவுதல் வேண்டும். நோயுற்ற செடிக்குப் பசளை மருந்தன்று. புதுவேர் தோன்றும்வரை அதற்குப் பசளை இடவே கூடாது.

நோய்கள்

கரும் அழுகல்: தண்டின் அடியிலோ இலையின் அடியிலோ கருநிற ஈரத்திட்டுத் தோன்றி மேனோக்கி விரையும். மாரிகாலத்தில் மிகும். பைற்றொப்தொரா என்னும் இனத்து நோயாக்கிகள் இதனை விளைக்கின்றன. வெற்றிலைக் கொடியின் அடியழுகலை உண்டாக்குவதும் இவ்வினத்ததே ஆதலின், வெற்றிலைத் தோட்டத்தில் வேலை செய்த கத்தியையும் மண் ஒட்டிய கையையும் கழுவாது ஓர்க்கிட்டைத் தொடலாகாது. நோயுற்ற பகுதிக்கு ஓர் அங்குலம் அப்பால், நலமான பகுதியில் வெட்டி நீக்கி, செடியைச் சில நாள் நனையாது வைத்தல் வேண்டும். வெற்றிலைக்குத் தெளிக்கும் போடோக் கலவையை டென்ட்ரோபியத்துக்குத் தெளிக்கலாகாது. செம்பு கலந்த மருந்துகள் அதன் இலையையும் குருத்தையும் கருக்கவல்லன.

பற்றீரியா மென்னழுகல்: இலையில் வெந்நீர் பட்டாற் போன்ற கொப்புளத் திட்டுத் தோன்றி, ஓரிரு நாளில் இலை முழுதும் பரவி, துர்நாற்றம் வீசும். பெலனொப்சிஸின் குருத்தில் இது தோன்றினாற் செடியைக் காத்தல் அரிது. இலையிலாயின் உடனே வெட்டி எரித்துவிடுக. அருகிலுள்ள செடிகளின் மேல் நீர் தெறியாது பார்த்துக்கொள்க.

அடிவாடல்: செடியின் அடியில் வெண்ணிற நூல் வலையும், கடுகு மணி போன்ற பழுப்பு உருண்டைகளும் காணப்படும். மிளகாயையும் தக்காளியையும் நிலக்கடலையையும் அடியில் தாக்கி வாட்டும் ஸ்கிளரோசியம் என்னும் பங்கசே இது. தோட்ட மண் சாடியிற் கலந்தால் இதுவும் உடன் வரும். அந்த ஊடகம் முழுவதையும் எரித்து, சாடியைக் கொதிநீராற் கழுவுதல் வேண்டும்.

இலைப்புள்ளி: வட்டம் வட்டமாக உட்குழிந்த கபிலநிறப் புள்ளிகள் தோன்றுவது மிளகாய்ப் பழ அழுகலை உண்டாக்கும் இனத்துப் பங்கசாலாகும். இது பெரும்பாலும் வெயிற்சூட்டினால் நொந்த இலையையே பற்றும். காற்றோட்டமும் நிழலும் சீரானால் நிற்கும்.

வைரசு: இளம் இலையில் வெளிர்பச்சைக் கோடுகளும் திட்டுகளும், பின்னர் கருந்தழும்புகளும், பூவில் நிறச்சிதைவும் தோன்றும். இதற்கு மருந்து இல்லை. ஒரே கத்தியாற் பல செடிகளை வெட்டுவதே இது பரவும் முதன்மையான வழி. ஒவ்வொரு செடியையும் வெட்டும் முன் கத்தியை நெருப்பில் வாட்டுதல் வேண்டும். நோயுற்ற செடி எவ்வளவு விருப்புக்குரியதாயினும் எரித்துவிடுதலே ஏனையவற்றைக் காக்கும் வழி.

பூச்சிகள்

இலையின் கீழ்ப்புறம் வெள்ளிநிறமாகிப் புள்ளியிட்டுத் தோன்றின் சிற்றுண்ணி என்க. கச்சான் காலத்தில் மிகும். இலையின் அடிப்புறத்தை நீரால் அடித்துக் கழுவினாற் குறையும். பூவின் ஓரம் கபிலநிறமாகிச் சுருங்கின் பனிப்பூச்சி. மிளகாயில் இலை சுருளச் செய்வதும் இவ்வகைப் பூச்சியே. கணுக்களிற் பஞ்சுபோலக் காண்பது மாவுப்பூச்சி. ஓடுபோல ஒட்டியிருப்பது செதிற்பூச்சி. இவற்றின் தேனீரை நாடி எறும்பு வரும். எறும்பின் நடமாட்டமே முதல் எச்சரிக்கை. இரவில் வேர் நுனியையும் மொட்டையும் தின்பது நத்தை.

செடிகள் சிலவேயாதலின் கையே சிறந்த மருந்து. 1 லீற்றர் நீரில் 5 கிராம் சவர்க்காரங் கரைத்து, மெல்லிய சீலையால் இலையையும் கணுவையும் துடைத்து, சிறிது நேரத்தின் பின் நன்னீராற் கழுவிவிடுக. மீளத் தோன்றின் 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து 1 லீற்றர் நீரில் ஓரிரவு ஊறவைத்து, வடித்துத் தெளிக்கலாம்.

எச்சரிக்கை: தோட்டத்துக்கு வாங்கிய பூச்சிநாசினியின் மிகுதியை வீட்டினுள் தெளிக்கலாகாது. திறந்த வயலிற் காற்றில் அகலும் நச்சு, அடைத்த அறையில் தங்கிச் சுவரிலும் பாயிலும் உணவிலும் படியும். ஓர் இலையைக் காக்கும்பொருட்டுக் குழந்தையின் மூச்சைக் கெடுத்தல் அறிவுடைமையாகாது.

நோய்போலத் தோன்றுவன

அடியிலுள்ள முதிர்ந்த இலை ஒன்று ஆண்டுக்கொருமுறை மஞ்சளாகி விழுதல் இயல்பு. டென்ட்ரோபியத்தின் பழைய தண்டு இலையுதிர்த்து வெறுந் தண்டாய் நிற்பதும் இயல்பே, அதனை வெட்டலாகாது, அது புதுத்தளிருக்கு உணவூட்டும். வாங்கிவந்த செடியின் மொட்டுகள் சில நாளில் உதிர்தல் இடமாற்றத்தால் நிகழும். பழுக்கும் வாழைக்குலையின் அருகிலும் அடுப்புப் புகையிலும் வைத்தாலும் மொட்டு உதிரும். அவற்றிலிருந்து எழும் எதிலீன் வாயுவே காரணம்.

பெலனொப்சிஸ் நன்கு தழைத்தும் மறுமுறை பூவாதிருத்தல் பலருக்கு மனக்குறையாகும். இரவு வெப்பம் சில வாரங்கள் தொடர்ந்து 25 பாகை செல்சியசுக்குக் கீழிருந்தாலன்றி அது எளிதிற் பூந்தண்டு விடாது. கீழைக்கரையில் இத்தகைய இரவுகள் மாரிமாதங்களிலேயே கிடைக்கும். அக்காலத்திற் செடியை மழைபடாத, காற்றோட்டமுள்ள, ஒளிமிக்க விறாந்தையில் வைத்தல் வேண்டும். பூவே நோக்கமாயின் டென்ட்ரோபியத்தைத் தெரிதல் இப்பகுதிக்குப் பொருத்தம்.

வேரழுகிய செடியை மீட்கும் முறை

1. செடியைச் சாடியிலிருந்து கழற்றிப் பழைய ஊடகம் முழுவதையும் அகற்றுக.
2. வேர்களை ஓடும் நன்னீராற் கழுவுக.
3. நெருப்பில் வாட்டி ஆறிய கத்தியால் அழுகிய வேர்களை முற்றாக நீக்குக. உறுதியான வேரில் ஒன்றையும் வெட்டாதீர்.
4. ஒருநாள் முழுதும் நிழலிற் காற்றாட உலரவிடுக.
5. புதிய கரித்துண்டுகளை இட்டு, வேரின் அளவுக்கேற்ற சிறிய சாடியில் நடுக. பெரிய சாடி விரைவிற் குணந்தராது, ஈரத்தையே தேக்கும்.
6. செடி ஆடாதவாறு குச்சி நட்டுக் கட்டுக. ஆடுஞ் செடி வேர்விடாது.
7. முன்னையிலும் சற்று மிகுந்த நிழலில் வைத்து, காலையில் மாத்திரம் சிறிதளவு நீரிடுக.
8. புதுவேர் ஓரங்குலம் நீண்ட பின்னரே பசளை நீரைத் தொடங்குக.

வேர் ஒன்றேனும் இன்றிப்போன பெலனொப்சிஸ் செடியை, ஈரமான பொச்சின் மேல், அதனைத் தொடாதபடி தூக்கிவைத்தால் ஒன்றிரண்டு மாதங்களிற் புதுவேர் விடுதலுமுண்டு. பொறுமை இங்கு இன்றியமையாதது. பொச்சுமட்டை இரண்டு ஆண்டுகளில் மக்கிப்போகுமாதலின், நலமான செடிக்கும் அக்காலத்துக்கொருமுறை ஊடகத்தை மாற்றுதல் வேண்டும்.

காட்டுச்செடிகளை எடுத்தலாகாது

வறள்வலயக் காட்டுமரங்களிற் காணப்படும் நரிவால் ஓர்க்கிட்டையும் வண்டாவையும் கிளையோடு வெட்டி வந்து வீட்டிற் கட்டுவோர் உளர். வெசாக் மலர் எனப்படும் இலங்கைக்கேயுரிய டென்ட்ரோபியமும் இவ்வாறு அருகியதே. அது ஈரவலயக் காட்டின் நிழலுக்குரியது, கச்சானைத் தாங்காது. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் அருகிவரும் இத்தகைய செடிகளைக் காக்கின்றது. அவற்றின் அழகைக் காண விழைவோர் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் ஓர்க்கிட் இல்லத்திற் காணலாம். வளர்ப்பதற்கு நாற்றுமேடையிற் பெருக்கிய செடிகளையே வாங்குதல் முறை.

நினைவிற் கொள்ளத்தக்கவை

இலை வாடின், நீர் ஊற்றுமுன் வேரைப் பார்க்க.
வேர் அழுகின், நீரை நிறுத்தி ஊடகத்தை மாற்றுக.
வேர் நுனி கருகின், உப்பைக் கழுவி மழைநீருக்கு மாறுக.
இலை கருக்கின், ஒளியைக் கூட்டுக; வெளுப்பின், நிழலைக் கூட்டுக.
திட்டு ஈரமாய்ப் பரவின், அன்றே வெட்டுக. உலர்ந்து நிற்பின், விட்டுவிடுக.
நோயுற்ற செடிக்குப் பசளை இடற்க. வீட்டினுள் நச்சுமருந்து தெளியற்க.

மணலிலே வெற்றிலையைக் காத்து வளர்க்கும் கைக்கு ஓர்க்கிட் கடினமானதன்று. நாள்தோறும் செடியைப் பார்த்து, அது காட்டும் குறியை அறிந்து, அவசரப்படாது செய்யின், ஒரு செடியே பல்லாண்டு பூத்து மனையை அலங்கரிக்கும்.